பள்ளியில் என்சிசி ஏர் விங்: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

ஜூன் மாதம் அறிவிப்புப் பலகையில் என்சிசி சேர்க்கைத் தாளை ஒட்டியதும் கேள்விகள் வரிசை கட்டி வரும். பிள்ளைகள் கேட்பது ஒரு விதம், பெற்றோர் கேட்பது வேறு விதம். பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டே ஏர் விங்கையும் பார்த்துக்கொள்கிற 'என்சிசி சார்' என்ற முறையில், வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது. பள்ளிக்குப் பள்ளி சில நடைமுறைகள் மாறும்.

ஏர் விங் என்றால் சரியாக என்ன?

என்சிசி, அதாவது தேசிய மாணவர் படை, 1948-ல் ஒரு தனிச் சட்டத்தின் மூலம் உருவானது. அதற்கு வழிகாட்டியது எச்.என். குன்ஸ்ரு தலைமையிலான குழு. தொடக்கத்தில் தரைப்படைப் பிரிவு மட்டும்தான். ஏர் விங் எனும் விமானப் பிரிவு 1950 ஏப்ரல் 1-ல் பம்பாயில் ஒரு ஸ்குவாட்ரன், கல்கத்தாவில் ஒரு ஸ்குவாட்ரன் என்று தொடங்கியது. கடற்படைப் பிரிவு 1952-ல் வந்தது. என்சிசி கொடியில் இருக்கும் சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் நமக்கு.

மொத்த அமைப்பும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. பள்ளிப் பையன்கள் ஜூனியர் டிவிஷன், பள்ளிப் பெண்கள் ஜூனியர் விங். கல்லூரிக்குப் போனால் இவை சீனியர் டிவிஷன், சீனியர் விங் ஆகும்.

ஸ்குவாட்ரன் எங்கள் பள்ளிக்குள்ளேயே இருக்கிறதா?

இல்லை. பள்ளியில் இருப்பது அதன் ஒரு சிறு பகுதி. ஸ்குவாட்ரன் என்பது நகரத்தில் தனி அலுவலகம் கொண்ட யூனிட். விமானப்படையிலிருந்து வரும் விங் கமாண்டர் அல்லது குரூப் கேப்டன் நிலை அதிகாரி அதற்குத் தலைவர். பல பள்ளிகளும் கல்லூரிகளும் அந்த ஒரே ஸ்குவாட்ரனின் கீழ் இருக்கும். சீருடை, பயிற்சித் துப்பாக்கி, மாடல் விமானச் சாமான்கள் எல்லாம் அங்கிருந்துதான் வரும். பரேட் நாளில் விமானப்படை சார்ஜண்ட், கார்ப்பரல் ஒருவரோ இருவரோ வந்து பயிற்சி கொடுப்பார்கள். அவர்களை பிஐ ஸ்டாஃப், அதாவது நிரந்தரப் பயிற்றுநர்கள் என்போம். பள்ளிப் பக்கத்தில் பொறுப்பு என்னைப் போன்ற ஆசிரியருக்கு. இதற்காகத் தனிப் பயிற்சிக்குப் போய்வந்து 'தேர்ட் ஆஃபீசர்' என்ற பதவியில் தொடங்குவோம்.

'எங்க ஸ்குவாட்ரன்' என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சொல்லட்டும், தப்பில்லை.

எந்த வகுப்பில் சேரலாம்?

ஜூனியர் பிரிவுப் பயிற்சி இரண்டு ஆண்டு. அதனால் பெரும்பாலான பள்ளிகளில் எட்டாம் வகுப்பில் சேர்த்து ஒன்பதாம் வகுப்பில் முடிக்கிறோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு குறுக்கே வராமல் இருக்க இதுவே வசதி. பதினெட்டரை வயதைத் தாண்டியவர்கள் ஜூனியர் பிரிவில் இருக்க முடியாது என்பது மேல் வரம்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பிரச்சினையே இல்லை.

எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? மார்க் பார்ப்பீர்களா?

இடங்கள் குறைவு, வருகிறவர்கள் அதிகம். அதனால் ஓட்டம், உடற்தகுதி, சின்ன எழுத்துத் தேர்வு, இரண்டு நிமிடப் பேச்சு என்று வைப்போம். வகுப்பில் முதல் ரேங்க் எடுக்கும் பிள்ளைதான் வேண்டும் என்பதில்லை. நான் முக்கியமாகப் பார்ப்பது இந்தப் பிள்ளை ஒவ்வொரு சனிக்கிழமையும் வருமா என்பதை. முதல் இரண்டு பரேடுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். தீபாவளி தாண்டி வருகிறவர்கள்தான் கேடட். வருகை 75 சதவீதம் இல்லையென்றால், ஜூனியர் பயிற்சியை முடித்ததற்கான 'ஏ' சர்டிஃபிகேட் தேர்வை எழுதவே முடியாது.

ஆர்மி விங் உசத்தியா, ஏர் விங் உசத்தியா?

'ஏ' சர்டிஃபிகேட்டின் மதிப்பு இரண்டிலும் ஒன்றுதான். பரேட், துப்பாக்கிப் பயிற்சி, முதலுதவி, பேரிடர் நேர உதவி, தலைமைப் பண்பு போன்ற பாடங்கள் பொது. அதற்கு மேல் அவர்கள் வரைபடம், தரைப்படை சம்பந்தப்பட்டவற்றைப் படிப்பார்கள். நாம் விமானம் படிப்போம். சீருடை நிறம் வேறு. மைதானத்தில் இந்தச் சண்டை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், கண்டுகொள்ள வேண்டாம்.

சார், எப்போ சார் பிளேன்ல ஏத்துவீங்க?

அதிகம் வரும் கேள்வி இதுதான். சேரும் முன்பே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது: பள்ளிக் கேடட்டாக இருக்கும் இரண்டு ஆண்டில் வானத்துக்குப் போகாமலேயே முடித்து வெளியே வர நிறைய வாய்ப்பு இருக்கிறது.

ஏர் விங் ஸ்குவாட்ரன்களில் இரண்டு வகை. பெயருக்குப் பின்னால் 'ஃபிளையிங்' என்றோ 'டெக்னிக்கல்' என்றோ போட்டிருக்கும். பறக்கும் பயிற்சி ஃபிளையிங் வகையில்தான். அங்கேயும் முன்னுரிமை கல்லூரிக் கேடட்டுகளுக்கு. ஓடுபாதை கிடைக்க வேண்டும், பயிற்சி அதிகாரி வேண்டும், காற்றும் வானிலையும் ஒத்துழைக்க வேண்டும், விமானமும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். நான்கும் ஒரே நாளில் அமைந்தால்தான் ஒரு பிள்ளை மேலே போகும்.

பறக்கிற விமானம் எது என்றும் கேட்பார்கள். தேஜஸ், சுகோய் போன்ற போர்விமானம் அல்ல, மைக்ரோலைட் என்கிற இரண்டு இருக்கைச் சிறு விமானம். முன்பு ஜென்ஏர் வகை இருந்தது. பிறகு ஸ்லோவேனியா நாட்டில் தயாராகும் பிபிஸ்ட்ரெல் வைரஸ் எஸ்டபிள்யூ 80 வந்தது. விமானப்படை, கடற்படை, என்சிசி மூன்றுக்குமாக 194 விமானங்களுக்கு 2015-ல் ஒப்பந்தம் போட்டார்கள். பெயரில் இருக்கும் 80 அதன் எஞ்சினின் குதிரைத்திறன். சாலையில் ஓடும் நடுத்தரக் காரின் எஞ்சின் சக்திதான். இறக்கையோ ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 10 மீட்டருக்கு மேல் நீளம். இவ்வளவு சின்ன எஞ்சின் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு எப்படிப் பறக்கிறது என்ற கேள்வி ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், பறக்காவிட்டாலும் அந்தப் பிள்ளை ஏர் விங்குக்கு ஏற்றது என்று நான் முடிவு கட்டிவிடுவேன்.

சில ஸ்குவாட்ரன்களில் சிமுலேட்டர் இருக்கிறது. அனுமதி கிடைத்தால் விமானப்படைத் தளத்துக்கும் அழைத்துப் போவோம். தமிழ்நாட்டில் அந்த வகையில் நமக்குக் குறை இல்லை. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் அதிகாரிகளுக்கே பயிற்சி தரும் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இருக்கிறது. தேஜஸ் சூலூரில், சுகோய் தஞ்சாவூரில். சுகோய் ஓட்டும் 222-வது ஸ்குவாட்ரன் 2020 ஜனவரியில் தஞ்சாவூருக்கு வந்தது. ஆனால் தளத்துக்குள் போனால் செல்போன் வாசலிலேயே போய்விடும். செல்ஃபி கிடையாது. முதல் ஏமாற்றம் அங்கேதான்.

பறக்கவில்லை என்றால் அப்புறம் என்னதான் சொல்லித் தருவீர்கள்?

விமானம் ஏன் பறக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். தூக்குவிசை, எடை, உந்துவிசை, இழுவிசை என்று நான்கு. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் விசை என்றால் மேசையைத் தள்ளுவது. இங்கே அதே விசை இறக்கையில் உட்கார்ந்திருக்கும். இறக்கையின் பின் ஓரத்தில் இருக்கும் எய்லெரான் ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும், விமானம் சாயும். வாலில் படுத்திருக்கும் எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும். நிமிர்ந்து நிற்கும் ரட்டர் மூக்கை இடவலமாகத் திருப்பும். இந்த மூன்றையும் கையை நீட்டி, உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டச் சொன்னால் போதும், வகுப்பே விமானமாகிவிடும்.

அப்புறம் எஞ்சின், காக்பிட் கருவிகள், திசை காணல், வானிலை, மேக வகைகள், வானொலியில் பேசும் முறை. 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' என்று எழுத்துகளைச் சொல்லப் பழகியதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவார்கள்.

விமானப்படை வரலாறும் உண்டு. 1932 அக்டோபர் 8-ல் தொடங்கியது, அடுத்த ஆண்டு முதல் ஸ்குவாட்ரன் வந்தது என்று ஆண்டுகளை ஒப்பிக்க வைப்பதில் எனக்கு ஆர்வமில்லை. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே 'நாட்' என்ற சிறு போர்விமானத்தைக் கிளப்பிக்கொண்டு மேலே போன நிர்மல்ஜித் சிங் சேகோனைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்தால், பிறகு அவர்களே தேடிப் படிக்கிறார்கள். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான்.

ஏரோமாடலிங் என்றால் பொம்மை விமானம் செய்வதா?

'பொம்மை' என்று மட்டும் பிள்ளைகள் காதில் விழச் சொல்லிவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் பள்ளி ஏர் விங்கின் உயிரே இந்த மேசைதான். எடுத்த எடுப்பில் ரிமோட் விமானம் கிடையாது. முதலில் சக் கிளைடர், அதாவது கையால் வீசிப் பறக்கவிடும் எஞ்சின் இல்லாத விமானம். பால்சா மரத்தகட்டில் இறக்கை, வால், ஒரு குச்சி உடல். பால்சா கைக்குத் தெரியாத அளவு லேசானது. ஆனால் விலை உறுத்தும். பழகும்வரை தெர்மோகோல் தட்டிலும் ஃபோம் ஷீட்டிலும் வெட்டலாம், குறைந்துவிடாது.

இறக்கையை வெட்டி, முன் ஓரத்தை உருட்டலாகவும் பின் ஓரத்தை மெல்லியதாகவும் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். அவசரக்காரப் பிள்ளைகள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். பிறகு இரண்டு இறக்கையையும் நடுவில் தாழ்ந்து முனையில் உயர்ந்து இருக்கும்படி லேசான கோணத்தில் ஒட்ட வேண்டும். அந்தக் கோணம் இருந்தால், ஒரு பக்கம் சாய்ந்த விமானம் தானே நிமிரும். தட்டையாக ஒட்டினால் சாய்ந்தது சாய்ந்தபடியே சுற்றிக்கொண்டு தரைக்கு வரும்.

அடுத்தது எடைச் சமநிலை. இறக்கையின் முன் ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் ஆடாமல் நிற்க வேண்டும். பெரும்பாலும் வால் தொங்கும். மூக்கில் களிமண் உருண்டை ஒட்டி சரிசெய்ய வேண்டும். இனி மைதானம். காற்று கிளம்புவதற்கு முன், காலையிலேயே போய்விட வேண்டும். முழு பலத்தோடு எறியக்கூடாது, தோள் உயரத்தில் பிடித்து நேராகத் தள்ளிவிட வேண்டும். மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி, அப்படியே நின்று, தொப்பென்று விழுந்து, மறுபடி ஏறப் பார்த்தால் வால் கனம். இன்னும் கொஞ்சம் களிமண். நேராகத் தரையில் குத்தினால் மூக்கு கனம். கொஞ்சம் கிள்ளி எடு. நகத்தளவு மண்ணைக் கிள்ளி எடுத்த பிறகு அதே கிளைடர் கூடைப்பந்துத் தூண் தாண்டிப் போய் வழுக்கிக்கொண்டு இறங்கும். போர்டில் நான் பதினைந்து நாள் வரைந்து காட்டிய ஈர்ப்பு மையம் அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

இதற்குப் பிறகுதான் கம்பிக் கட்டுப்பாட்டு மாடல், ரிமோட் மாடல் எல்லாம். அவற்றுக்கு யூனிட்டின் பயிற்றுநர் வேண்டும்.

பரேட் கட்டளை எல்லாம் ஹிந்தியில்தானே? என் பிள்ளைக்குத் தெரியாதே?

இங்கே யாருக்கும் தெரியாது. சாவ்தான், விஷ்ராம், தாயே முட், பாயே முட், பீச்சே முட், தேஸ் சல், தம் என்று கைவிரல் கணக்கில் சில கட்டளைகள். இரண்டு வாரத்தில் காதுக்குப் பழகிவிடும். முதல் வாரம் 'தாயே'வுக்கும் 'பாயே'வுக்கும் வித்தியாசம் தெரியாமல் பாதி வரிசை ஒருவரையொருவர் முகம் பார்த்து நிற்கும். அது எல்லாப் பள்ளியிலும் உண்டு. பாடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது.

வெயிலில் நின்று மயங்கி விழுகிறார்களாமே?

விழுவார்கள். காரணம் பெரும்பாலும் வெறும் வயிறு. இன்னொன்று, முழங்காலை இறுக்கிக்கொண்டு அசையாமல் வெகுநேரம் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். தலைக்குப் போவது குறையும். ஷூவுக்குள் கால்விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே இருந்தால் வெளியே தெரியாது, ரத்தமும் ஓடும். கண் இருட்டுகிறது என்றால் வீரம் காட்டாமல் உடனே சொல்லிவிட்டு உட்கார வேண்டும். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு அனுப்புங்கள். பரேட் முடிந்ததும் டிபன் தருவோம், அதற்கென்று கேடட் கணக்கில் தொகை வருகிறது. பூரிக்காகவே சேர்ந்த பிள்ளைகள் உண்டு. நான் குறை சொல்ல மாட்டேன்.

துப்பாக்கி கொடுப்பீர்களா? பயமாக இருக்கிறது.

.22 ரைஃபிள். ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடுவது. பள்ளியில் தோட்டாவோடு எதுவும் நடக்காது. முதலில் பாகங்கள், பிடிக்கும் முறை, படுத்துக் குறிபார்ப்பது. சுடுவது அனுமதி பெற்ற சுடுதளத்தில், பெரும்பாலும் கேம்ப்பின்போது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒருவர் இருப்பார். தோட்டா எண்ணிக் கொடுத்து, சுட்டபின் மிஞ்சும் காலித் தோட்டாக் கூட்டை எண்ணி வாங்குவார்கள். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும்வரை யாரும் நகர முடியாது.

இதில் பலசாலிப் பிள்ளைகளைவிட அமைதியான பிள்ளைகள் நன்றாகச் சுடுவதைப் பார்த்திருக்கிறேன். மூச்சை அடக்கி, விசையைத் தட்டாமல் மெல்ல அழுத்துவதுதான் வித்தை. நடுப்புள்ளியில் ஒன்று பட்டது பெரிதல்ல, சுட்ட அத்தனையும் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்தால்தான் கணக்கு.

செலவு எவ்வளவு ஆகும்?

சாதாரணப் பிரிவாக இருந்தால் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. சீருடை யூனிட்டிலிருந்தோ, அதற்கான தொகை கேடட்டின் வங்கிக் கணக்கிலோ வரும். அதனால் பிள்ளையின் பெயரில் கணக்கு ஒன்று தொடங்கி வைத்துவிடுங்கள். தொகை வரும்வரை ஷூவுக்கும் தையல் கூலிக்கும் முதலில் நீங்கள் கைப்பணம் போட வேண்டியிருக்கலாம். சில தனியார் பள்ளிகளில் சுயநிதி முறையில் பிரிவு நடக்கிறது. அங்கே செலவு பள்ளியுடையது அல்லது பெற்றோருடையது. சேரும் முன் எந்த முறை என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

உண்மையான செலவு கஞ்சியும் இஸ்திரியும். வெள்ளிக்கிழமை இரவு வீடே பரபரப்பாகும். தயவுசெய்து அம்மாவே தேய்த்துக் கொடுக்காதீர்கள். ஷூ பாலிஷும் பெல்ட்டும் பிள்ளையின் வேலை. மடிப்பு கோணலாக இருந்தால் இருக்கட்டும், அடுத்த வாரம் நேராகும்.

கேம்ப்புக்குக் கட்டாயம் அனுப்ப வேண்டுமா?

'ஏ' சர்டிஃபிகேட் வேண்டுமென்றால் வேண்டும். ஆண்டுப் பயிற்சி முகாம் பத்து நாள். வழக்கமாக ஏதாவது கல்லூரி வளாகத்திலோ பெரிய பள்ளியிலோ நடக்கும். பல பள்ளிகள், ஆர்மி விங் பிள்ளைகள், கல்லூரி அண்ணன்கள் அக்காக்கள் எல்லாரும் இருப்பார்கள்.

விடிவதற்கு முன் விசில். பல் துலக்க வரிசை, கழிப்பறைக்கு வரிசை, டீக்கு வரிசை. பிறகு உடற்பயிற்சி, டிபன், பரேட், வகுப்பு, சாப்பாடு, விளையாட்டு, மாலை ரோல் கால், இரவில் பாட்டு நடனம். நடுவில் 'லைன் ஏரியா' போட்டி என்று ஒன்று. தங்கும் அறையை யார் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று அதிகாரி வந்து பார்ப்பார். நூல் பிடித்துச் செருப்புகளை ஒரே கோட்டில் வைப்பார்கள். பெட்டிகள் ஒரே உயரத்தில், போர்வைகள் ஒரே மடிப்பில். வீட்டில் ஈரத்துண்டைக் கட்டிலில் போடும் அதே பிள்ளைதான்.

முதல் மூன்று நாள் அழுகை வரும். யாரிடமாவது போன் வாங்கி 'வந்து கூட்டிட்டுப் போங்க' என்பார்கள். காய்ச்சல், காயம் என்றால் நாங்களே உடனே சொல்வோம், முகாமில் மருத்துவ உதவி இருக்கும். வெறும் வீட்டு நினைவு என்றால் நான்காம் நாள்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மதுரைப் பையனுக்கு நாகர்கோவில் நண்பன் கிடைத்திருப்பான். திரும்பி வந்த பிறகு தட்டைத் தானே கழுவி வைப்பார்கள். அது எவ்வளவு நாள் நீடிக்கும் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

கொடுத்தனுப்ப வேண்டியவை: பூட்டோடு பெட்டி, விரிப்பு, போர்வை, தட்டு, டம்ளர், மக், டார்ச், கொசுவிரட்டித் தைலம், வழக்கமான மாத்திரை ஏதும் இருந்தால் சீட்டோடு. நகை வேண்டாம். முறுக்கு டப்பா கொடுத்தால் முதல் இரவே காலியாகும், கணக்குப் பார்த்துக் கொடுங்கள்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?

தங்குமிடம், குளியலறை எல்லாம் தனி. பெண் என்சிசி அதிகாரிகளும், பெண் கேடட்டுகளுக்கென்றே நியமிக்கப்பட்ட பயிற்றுநர்களும் உடனிருப்பார்கள். யார் உடன் போகிறார்கள், அவர்கள் எண் என்ன என்று முன்கூட்டியே கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. சங்கடப்பட வேண்டாம்.

விமானப்படையில் பெண்களுக்கு என்ன வேலை என்று இன்னும் சில தாத்தாக்கள் கேட்கிறார்கள். அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் 2016 ஜூனிலேயே போர்விமானிப் பிரிவில் சேர்ந்துவிட்டார்கள். முப்படை அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்புக் கழகத்திலும் (என்டிஏ) 2022 முதல் பெண்கள் படிக்கிறார்கள்.

சீனியர்கள் அடிப்பார்கள், முட்டி போடச் சொல்வார்கள் என்கிறார்களே?

தாமதமாக வந்தால் மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொல்வது வேறு, கை வைப்பது வேறு. அடிக்க சீனியருக்கும் உரிமை இல்லை, எங்களுக்கும் இல்லை. நடந்தால் பிள்ளை என்னிடம் சொல்ல வேண்டும். நான் கேட்கவில்லை என்றால் தலைமையாசிரியரிடம், அதற்கும் மேல் ஸ்குவாட்ரன் கமாண்டிங் ஆஃபீசரிடம் எழுத்தில் கொடுங்கள். 'என்சிசின்னா அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டிலேயே சொல்லி அடக்கிவிடாதீர்கள்.

படிப்பு கெடாதா?

வாரத்தில் ஒரு காலை, ஆண்டில் ஒரு கேம்ப். இதனால் கெடும் படிப்பு வேறு எதனாலும் கெடும். சனிக்கிழமை டியூஷனோடு மோதுகிறது என்பதுதான் நிஜமான சிக்கல். டியூஷன் சாரிடம் பேசி நேரத்தை மாற்றிக்கொண்ட பெற்றோர் நிறைய. முடியாது என்றால் அந்த இடத்தை இன்னொரு பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பதே நியாயம்.

'ஏ' சர்டிஃபிகேட்டால் என்ன கிடைக்கும்?

நேராகச் சொன்னால், அதுவே வேலை வாங்கித் தராது. விமானப்படை நுழைவில் எடை உள்ளது கல்லூரியில் மூன்று ஆண்டு முடித்து வாங்கும் 'சி' சர்டிஃபிகேட். 'ஏ' அதற்கு முதல் படி. தமிழ்நாடு காவலர் தேர்வில் என்சிசிக்குச் சிறப்பு மதிப்பெண் தரும் வழக்கம் உண்டு. எந்தச் சான்றுக்கு எவ்வளவு என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். 'என்சிசி இருந்தால் எல்லாக் கல்லூரியிலும் சீட்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முடித்தால் ராணுவத்தில் சேர்ந்தாக வேண்டுமா?

இல்லவே இல்லை. போர் வந்தாலும் கேடட்டைப் போர்ப்பணிக்கு அழைக்க முடியாது. சட்டமே அப்படித்தான்.

என் மகன் போர்விமானி ஆக வேண்டும். வழி என்ன?

மூன்று வழி. பிளஸ் டூ முடித்ததும் என்டிஏ தேர்வு, இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். இதற்கு என்சிசி ஒதுக்கீடு கிடையாது. இரண்டாவது, பட்டம் முடித்து சிடிஎஸ் (முப்படைகளுக்கான பொதுத் தேர்வு) அல்லது ஆஃப்காட் (விமானப்படையின் தனித் தேர்வு) எழுதுவது. மூன்றாவதுதான் நமக்கான தனி வாசல்: கல்லூரியில் ஏர் விங்கில் இருந்து 'சி' சர்டிஃபிகேட் எடுத்தவர்களுக்கு விமானி இடங்களில் பத்து சதவீதம். எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராகத் தேர்வு வாரிய நேர்காணல்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாசலுக்கு வேண்டியது கல்லூரி ஏர் விங். பள்ளியில் ஆர்மி விங்கில் இருந்தவரும் கல்லூரியில் ஏர் விங்கில் சேரலாம். ஆகவே கல்லூரி தேர்ந்தெடுக்கும்போதே அங்கே ஏர் விங் இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த வழியில் போனாலும் விமானிகளுக்கென்று ஒரு கணினித் தேர்வு இருக்கிறது. கை, கால், கண் மூன்றும் சேர்ந்து இயங்குகிறதா என்று பார்ப்பது. வாழ்நாளில் ஒரே முறைதான். தவறினால் மறு வாய்ப்பு இல்லை. அதற்காக உலகம் முடிந்துவிடாது. விமானப்படையில் தொழில்நுட்பம், வானிலை, நிர்வாகம் என்று தரையில் இருந்து விமானத்தைப் பறக்கவைக்கும் பிரிவுகள் பல. எட்டாம் வகுப்பிலேயே 'பைலட்' ஒன்றைத் தவிர வேறெதுவும் தோல்வி என்று பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள்.

கண்ணாடி போட்டிருக்கிறாள். சேர்ப்பீர்களா?

சேர்ப்போம். என்சிசிக்குக் கண்ணாடி தடையில்லை. விமானி ஆவதற்கான கண் தகுதி மட்டும் கடுமையானது. உயரம், கால் நீளம், உட்கார்ந்த நிலையில் உயரம்கூட அளப்பார்கள். அந்தக் கவலை இப்போது வேண்டாம்.

டெல்லி குடியரசு தின பரேடுக்குப் போக முடியுமா?

பள்ளிக் கேடட்டுகளும் போகிறார்கள், ஆனால் சல்லடை போட்டுச் சலித்துத்தான். யூனிட், குரூப், மாநில அளவு என்று முகாம் மேல் முகாம். மழைக்காலம் முழுக்க வீட்டில் இருக்க மாட்டார்கள். பாதியில் திரும்பி வருகிறவர்களே அதிகம். பள்ளி வருகைப் பதிவு, விடுபட்ட பாடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் பேசி வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

இடையில் பிடிக்கவில்லை என்றால் விலகலாமா?

விலகலாம். கடிதம் கொடுத்து, வாங்கிய சாமான்களைத் திருப்பிக் கொடுத்தால் போதும். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் தொல்லை. அந்த இடம் யாருக்கும் போகாமல் வீணாகும்.

எங்கள் பள்ளியில் ஏர் விங் இல்லை. என்ன செய்யலாம்?

புதிய பிரிவுக்குத் தலைமையாசிரியர் என்சிசி குழுமத் தலைமையகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் குழுமங்கள் இருக்கின்றன. மைதானம், பொருட்களை வைக்கப் பூட்டும் அறை, பொறுப்பேற்கத் தயாரான ஆசிரியர் மூன்றும் வேண்டும். மூன்றாவதுதான் கிடைப்பது கஷ்டம். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருப்பதால் உங்கள் பிள்ளை படித்து முடிப்பதற்குள் வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பள்ளியில் ஆர்மி விங்கோ சாரணர் இயக்கமோ இருந்தால் அதில் சேர்த்துவிடுங்கள். கிளைடர் செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம். ஃபோம் ஷீட், உப்புத்தாள், பசை, களிமண் வாங்கிக்கொண்டு வாருங்கள், அளவு குறித்த தாள் ஒன்று தருகிறேன்.